காய்கறி வண்டிக்கு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும்: தோட்டத்திலேயே மாற்றினோம்

இயற்கை வேளாண்மை இதழில் வண்டி மராமத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நம்மில் பலருக்கு விளைவிப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடு. கோபிசெட்டிபாளையம் பக்கம் நாங்கள் 7 பேர் சேர்ந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஈரோட்டுக்குக் கீரையும் காய்கறியும் கொண்டுபோகிறோம். 7 குடும்பத்துச் சரக்கும் என்னுடைய பழைய ஆம்னி வேனில்தான் போகிறது. அது நின்றுபோனால் சனிக்கிழமை அறுத்த கீரை திங்கட்கிழமை மாட்டுக்குத்தான். ஆகவே வண்டியும் நமக்கு ஒரு பண்ணைக் கருவிதான்.

போன மாசி மாதம் அந்த வேனின் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் தோட்டத்து மாமரத்தடியிலேயே மாற்றினோம். எது சரியாக வந்தது, எங்கே சறுக்கியது, கடைசியில் கணக்கு என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சொட்டிக் காய்ந்த வெள்ளைக் கறை

ஒரு வியாழக்கிழமை மாலை வண்டியை எடுத்தபோது, நின்ற இடத்தில் கைப்பிடி அளவுக்கு ஈரம் இருந்தது. முன் இருக்கையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வாட்டர் பம்ப் பக்கம் தண்ணீர் வழிந்து, காய்ந்து, வெள்ளைக் கறையாகப் படிந்திருந்தது.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவர். இப்போது மஞ்சள் போடுகிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பம்ப்பு சீல் போச்சுங்க சார். அது கெடக்கட்டும், டைமிங் பெல்ட்டு எப்ப மாத்துனதுங்க?"

"நான் வாங்கி 9 வருசம் ஆச்சு தம்பி. நான் மாத்தல. முன்னாடி வெச்சிருந்தவர் மாத்துனாரான்னு தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா இதுலதான் ஈரோடு போய்ட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வாட்டர் பம்ப்பை நம் மோனோபிளாக் மோட்டாரோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். இரண்டிலும் ஷாஃப்ட், இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல் உண்டு. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங் பக்கம் போகாமல் வெளியே விழுவதற்கென்றே காரின் பம்ப்பில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அதில் சொட்டு கண்டால் பம்ப்பின் ஆயுள் முடிகிறது என்று பொருள். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் உள்ளே போய் பேரிங்கைத்தான் தின்னும்.

சீல் போனதற்குக் காரணம் நானேதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றிவந்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர்க் குழாயில் வெள்ளையாக அடைக்கும் அதே சுண்ணாம்புச் சத்துதான், சூடானால் இன்னும் வேகமாகப் படியும். பாசனக் குழாய்க்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்று பத்துப் பேருக்குச் சொல்கிற நான், வண்டிக்கு அதையே ஊற்றியிருக்கிறேன்.

பெல்ட் அறுந்தால் என்ன?

எஞ்சினில் கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். கீழே இருப்பது 2 சுற்று சுற்றினால் மேலே இருப்பது 1 சுற்று சுற்ற வேண்டும். வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைக் கேம் ஷாஃப்ட்தான் முடிவு செய்கிறது. இரண்டையும் கட்டிப் பிடித்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். அத்தனையும் அந்த ரப்பர் பல்லை நம்பித்தான் நடக்கிறது.

பெல்ட் அறுந்தால் சில எஞ்சின்களில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். பல எஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வில் இடித்து வளைத்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். டீசல் வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஃபேன் பெல்ட் தேய்ந்தால் கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதனால்தான் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம் என்று கையேட்டில் கெடு போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும்.

எங்கள் வண்டியில் பம்ப்பை எடுக்க வேண்டுமானால் டைமிங் கவரையும் பெல்ட்டையும் கழற்றியே ஆக வேண்டும். பல வண்டிகளில் இப்படித்தான். அப்படியிருக்க ஒன்றை மட்டும் மாற்றுவது, வரப்பை வெட்டித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அடைக்காமல் வருவது போல.

முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் டைமிங் பெல்ட், டென்ஷனர், பேக்கிங்குடன் வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கேம் சீல், கூலண்ட் வாங்கினேன். பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனரை விட்டுவிடக் கூடாது. அதன் பேரிங் போனாலும் பெல்ட் போச்சு. போலிகள் உலவுகின்றன, பில்லோடு வாங்குங்கள். வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி வாங்கி, பழையதைக் கழற்றியதும் பல்லை எண்ணி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கருவிகளில் இரண்டு முக்கியம். ஒன்று டார்க் ரென்ச். அலுமினிய எஞ்சினில் கைபலத்துக்கு முறுக்கினால் மரை பிய்ந்துகொள்ளும். இன்னொன்று ஜாக்கி ஸ்டாண்ட், இரண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். செங்கல் அடுக்குவதும் வேண்டாம். செங்கல் உடையும்போது முன்னறிவிப்பு தராது.

சனிக்கிழமை வேலை

எஞ்சின் முழுக்க ஆறியிருந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். பழைய கூலண்டை அகலமான பிளாஸ்டிக் பேசினில் வடித்தோம். ஃபேன் பெல்ட், புல்லிகள், டைமிங் கவர் என்று ஒன்றொன்றாக வந்தன. கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தோம். நீளம் வெவ்வேறாக இருப்பதால் மாறிப் போகக் கூடாது. மிகவும் பாடு படுத்தியது கிராங்க் புல்லிதான். வண்டியை டாப் கியரில் போட்டு, என் வீட்டம்மா பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தம்பி நீளப் பைப் மாட்டித்தான் இளக்கினார்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். மேல் பல்சக்கரத்தின் குறியும் கீழ்ப் பல்சக்கரத்தின் குறியும் எஞ்சின் உடம்பில் உள்ள குறிகளுக்கு நேராக வர வேண்டும். வந்ததும் வெள்ளை பெயிண்டால் நாமும் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெல்ட் இல்லாதபோது இரண்டு ஷாஃப்ட்டையும் அசைக்கக் கூடாது.

பழைய பெல்ட் வெளியே வந்ததும் தம்பி அதைத் திருப்பி வளைத்துக் காட்டினார். பல்லின் அடியில் வரிசையாக வெடிப்பு. ஒரு இடத்தில் பல்லின் ஓரமே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. முந்தின வாரம் அந்த வேனில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே என் பேரனும் உட்கார்ந்து வந்திருந்தான்.

பம்ப்பைக் கழற்றினால் இம்பெல்லரில் துரு, சுவரில் சுண்ணாம்பு. ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீறினால் புதுப் பம்ப்பும் ஒழுகும். சீல்களையும் பம்ப்பையும் மாட்டி முடிக்கும்போது மணி 4.

ஒரு பல் வித்தியாசம்

புதுப் பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை விட்டு, கையால் 2 முழுச் சுற்று சுற்றிப் பார்த்தோம். கீழ்க் குறி நேராக நின்றது. மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது.

"ஒரு பல்லுதானுங்க சார், ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்றார் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது, மணி ஆறரை. கூட்டாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் கணக்கு 1 ரூபாய் டேலி ஆகாவிட்டால் கிளையைப் பூட்ட மாட்டோம். ஒரு ரூபாயைக் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டவும் கூடாது, ஏனென்றால் 1 ரூபாய் வித்தியாசத்துக்குப் பின்னால் 1,001 வரவும் 1,000 செலவும் ஒளிந்திருக்கலாம். "வேண்டாம் தம்பி, நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

ஒரு கூட்டாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "மெக்கானிக்கிட்டயே உட்டிருந்தா இந்நேரம் வண்டி நின்னிருக்குமுங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான். இரவோடு இரவாகக் குட்டி யானை ஒன்றை வாடகைக்குப் பேசினேன். வாடகை என் கையிலிருந்து.

ஞாயிறு காலை வெளிச்சத்தில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெல்ட் மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். நாங்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டிருந்தோம். சுற்றியதும் அது இழுத்துக்கொண்டு ஒரு பல் தள்ளிவிட்டது. பெல்ட்டை எடுத்து மறுபடி மாட்டினோம். 2 சுற்று, நேர். இன்னும் 2 சுற்று, நேர். பிறகுதான் டென்ஷனரைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினோம்.

கூலண்ட் ஊற்றும்போதும் அவசரம் கூடாது. மோனோபிளாக்கில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது அல்லவா, இங்கேயும் அதே கதை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, குமிழி வரவர ஊற்றி நிரப்பினோம். சூடேறிய பிறகு மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். மறுநாள் ஆறியதும் அளவு பார்த்துக்கொள்ளலாம்.

கன்றுக்குட்டியும் பச்சைத் தண்ணீரும்

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே என்று சொன்னாலும் தகும். சனிக்கிழமை கூலண்டை வடித்த பேசினை மரத்தடியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். "ஏனுங்க, கன்னுக்குட்டி வாய வெக்கப் போகுது!" என்று வீட்டம்மா போட்ட சத்தத்தில் ஓடிவந்தோம். கட்டு அவிழ்ந்த கன்று பேசினை மோந்துகொண்டு நின்றது. நல்ல வேளை, குடிக்கவில்லை.

கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். அதனால் நாயும் கன்றும் விரும்பி நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லக்கூடிய விஷம் அது. நக்கியது என்று சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும், அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வடித்ததை அப்போதே மூடியுள்ள கேனில் ஊற்றி, "விஷம்" என்று எழுதி, பூட்டி வையுங்கள். சிந்தியதன்மேல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிவிடுங்கள். வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றவே கூடாது.

பழைய எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். கரையானுக்கென்று வேலிக்காலுக்குப் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, நானும் பூசியிருக்கிறேன். ரசாயன உரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உலோகத் துகள் கலந்த கழிவெண்ணெயை அதே மண்ணில் இறக்குவது என்ன இயற்கை விவசாயம்? இரண்டையும் தனித்தனிக் கேனில் சேர்த்து, கழிவெண்ணெய் முறையாக எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வரவு செலவு

உதிரிப் பாகங்களும் கூலண்டும் சேர்ந்து 3,700 ரூபாய். இது எங்கே செய்தாலும் ஆகிற செலவு. ஒர்க்‌ஷாப்பில் கூலி 2,800 கேட்டிருந்தார்கள், அது மிச்சம். ஆனால் டார்க் ரென்ச்சும் ஸ்டாண்டுகளும் 3,200, குட்டி யானை வாடகை 2,000, தம்பிக்கு வற்புறுத்திக் கொடுத்தது 1,000. ஆக 2,800 மிச்சம் பிடிக்க 6,200 செலவு. முதல் முறை 3,400 ரூபாய் நட்டம் என்றே எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் கருவிகள் இப்போது எங்கள் குழுவின் பொதுச் சொத்து. அன்று கோபப்பட்ட கூட்டாளியின் வண்டிக்கும் சித்திரையில் நாங்களே பெல்ட் மாற்றினோம், ஒரே நாளில் முடிந்தது. வெளியிடுபொருளைக் குறையுங்கள் என்று நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னது உரத்துக்கும் மருந்துக்கும் மட்டும் பொருந்துவதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாரும் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறையாவது கைகொடுத்துப் பழகியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய கையேடு வேண்டும். டீசல் வண்டி, வாரண்டியில் உள்ள வண்டி என்றால் ஒர்க்‌ஷாப்பே நல்லது. சந்தைக்கு முந்தின நாள் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். திங்கட்கிழமை தொடங்குங்கள்.

இதெல்லாம் முடியாது என்பவர்கள் ஒன்றாவது செய்யுங்கள். நாளைக் காலை வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பாருங்கள். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லைத் தேடுங்கள். பில் கிடைக்கவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.