இலத்திரனியல் திருத்தச் சான்றிதழ்: கட்டுவது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். பழுதானதை எறிகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எம்மவர்கள் பலருக்குத் திருத்த வேலை கையில் ஊறியிருக்கிறது. அதனால்தான் "ஆறு மாதத்தில் இலத்திரனியல் திருத்துநர்" என்ற விளம்பரத்தைக் கண்டதும் மனம் அங்கே போகிறது.

கடந்த வரிக் காலத்தில் ஸ்காபரோவில் எங்களிடம் ஒரு குடும்பம் வந்தது. கணவர் களஞ்சியசாலையில் வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது. "அண்ணை, ஒன்பதாயிரம் டொலர் கோர்ஸ். வங்கிக் கடனில கட்டலாம். நேற்றுத்தான் கையெழுத்து வைச்சனான்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "முடிச்சாப் பிறகு மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருவினம் எண்டு கேட்டனீங்களோ?" அவர் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. கணக்கு ஒன்ராறியோவுக்கானது. வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் தொகைகளைப் போட்டு இதே வழியில் பார்க்கலாம்.

பெரிய செலவு கட்டணம் அல்ல

படிப்பின் விலை என்றால் நாங்கள் கட்டணத்தை மட்டுமே பார்க்கிறோம். வேலையை விட்டுப் படிப்பவருக்கு அதைவிடப் பெரிய செலவு, உழைக்காமல் போன சம்பளம்.

ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் 704 டொலர். 26 கிழமை வேலைக்குப் போகாவிட்டால் 18,304 டொலர் இழப்பு. அதனுடன் கட்டணம் 9,000, கருவிகளுக்கு 500 என்று வைப்போம். மொத்தம் 27,804 டொலர். பஸ் செலவைச் சேர்க்கவில்லை. அது வேலைக்குப் போனாலும் உண்டு.

படிப்பு முடிந்து 20 டொலர் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கிடைப்பது மணித்தியாலத்துக்கு 2.40 டொலர்தான். வருடத்துக்கு 4,992 டொலர். போட்ட காசு திரும்பி வர ஐந்தரை வருடம் செல்லும். 23 டொலர் கிடைத்தால் வருடத்துக்கு 11,232 டொலர் கூடுதல். இரண்டரை வருடத்தில் மீளலாம். எல்லாம் வரிக்கு முந்திய கணக்கு, கடன் வட்டி சேர்க்காதது. 9,500 டொலர் கடனுக்கு 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 760 டொலர் அதிலேயே போகும்.

இப்போது வேலையை விடாமல், மாலை வகுப்பில் படிப்பதாகப் பார்ப்போம். கட்டணம் 2,000, கருவி 500. அதே 20 டொலர் வேலை கிடைத்தாலும் ஆறு மாதத்தில் காசு திரும்பிவிடும். படிக்க ஒரு வருடம் பிடித்தாலும் வீட்டு வாடகைக்கு ஆபத்தில்லை. இங்கே நாங்கள் வைத்த கட்டணமும் சம்பளமும் உதாரணத்துக்குத்தான். உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். வேலை வங்கி எனப்படும் மத்திய அரசின் ஜொப் பாங்க் தளத்தில், உங்கள் பகுதியில் அந்தத் தொழிலுக்குக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த சம்பளம் மூன்றும் இருக்கும். புதிதாகப் போகிறவர் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். விளம்பரங்கள் உயர்ந்ததைத்தான் காட்டும்.

எந்தச் சான்றிதழ்?

கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி திருத்துவதற்கு ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் கட்டாயமில்லை. ஆகவே சான்றிதழ் கதவைத் தட்ட உதவும். அது இல்லாதவனுக்குக் கதவு பூட்டியிருப்பதில்லை. மின்சாரத் தொழிலும் குளிரூட்டித் தொழிலும் வேறு. அவை கட்டாயப் பதிவுள்ள தொழில்கள், அங்கே பத்திரம் இல்லாமல் வேலை செய்ய முடியாது. பத்திரம் கட்டாயமான இடத்தில்தான் அதற்கு விலை அதிகம்.

கணினிப் பக்கம் போகிறவர்களுக்கு கொம்ப்டியா ஏ பிளஸ் பலருக்கும் தெரிந்த சான்றிதழ். இரண்டு பரீட்சைகள், மூன்று வருடம் செல்லும். புத்தகம் வாங்கி வீட்டிலிருந்தே படித்து எழுதலாம், கல்லூரிக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சர்க்கிட் போர்ட் பொருத்தும் தொழிற்சாலைகளில் ஐபிசி-ஏ-610, ஜே-எஸ்ரிடி-001 என்ற சான்றிதழ்களைக் கேட்பார்கள். அவை இரண்டு வருடத்தில் காலாவதியாகும். ஆனால் சில நாள் பயிற்சிதான். வேலைக்குச் சேர்ந்த பின் கம்பனியே செலவழித்து அனுப்புவதும் உண்டு. கையிலிருந்து கட்ட முதல் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வேலை எங்கே குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவான தொலைக்காட்சியின் திரை உடைந்தால் திரையின் விலையே புதுத் தொலைக்காட்சிக்குக் கிட்ட வரும். ஆரும் திருத்த மாட்டார்கள். கைத்தொலைபேசிகளில் உதிரிப்பாகத்தை மென்பொருளால் பூட்டி வைக்கிறார்கள். 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பழுது பார்ப்பதற்காக அந்தப் பூட்டைத் தாண்டுவது குற்றமில்லை என்றானது. ஆனால் கம்பனிகள் உதிரிப்பாகம் விற்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் கட்டாயப்படுத்தவில்லை. சொந்தக் கடை போட நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நான்கு தொடர் காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்ரி பதிவும் கட்டாயம்.

அரசிடமிருந்து திரும்பி வருவது

எம்மவர்கள் பலர் கேட்காமலே விடும் சலுகை ஒன்று உண்டு: கனடா பயிற்சி வரவு. தகுதியானவர்களுக்கு 2019 முதல் வருடத்துக்கு 250 டொலர் அவர்கள் பெயரில் சேர்கிறது. வாழ்நாள் உச்சம் 5,000 டொலர். 26 முதல் 65 வயது வரை கோரலாம். கட்டிய கட்டணத்தில் பாதி, அல்லது சேர்ந்திருக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். வரி கட்ட வேண்டியதில்லாதவருக்கும் காசாக வரும். உங்கள் தொகை எவ்வளவு என்பது வருமான வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் இருக்கிறது. 1,000 டொலருக்கு மேல் சேர்ந்திருந்தால், மேலே சொன்ன 2,000 டொலர் மாலை வகுப்புக்கு 1,000 திரும்பி வரும். ஆனால் கல்லூரி தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். "ரி2202 படிவம் தருவீர்களா?" என்று சேர முதலே கேளுங்கள். வெளிநாட்டு இணையப் பாடங்களுக்கு இந்த வரவு கிடையாது.

வேலையிழந்தவர்களுக்கு பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டம் உண்டு. தகுதி இருந்தால் கட்டணத்துக்கும் வேறு செலவுகளுக்கும் உதவுவார்கள். படிக்கத் தொடங்கிவிட்டு விண்ணப்பிப்பது பிழை. முதலில் எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ நிலையத்துக்குப் போங்கள். அதேபோல், முன் அனுமதி இல்லாமல் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் ஈஐ பொதுவாகக் கிடைக்காது. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்கள் அரசக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம், ஓசாப் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். கோரிக்கை இன்னும் முடியாதவர்கள், தங்களுக்கு எந்தக் கட்டணம், படிப்பு அனுமதி வேண்டுமா என்பதைக் காசு கட்ட முதல் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கையெழுத்து வைக்க முதல்

தனியார் தொழிற்கல்லூரிகள் ஒன்ராறியோ அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பாடநெறிக்கும் அனுமதி வேண்டும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் அதே துறையில் வேலைக்குப் போனார்கள் என்ற விபரத்தை அரசு வெளியிடுகிறது. "வேலைக்குப் போனவர்கள்" என்ற எண்ணிக்கையில் கோப்பிக் கடைக்குப் போனவரும் அடங்குவார். நீங்கள் பார்க்க வேண்டியது "அதே துறையில்" என்பதை. முடிந்தால் இரண்டு திருத்தக் கடைகளுக்குப் போய், "இந்தச் சான்றிதழோடு வந்தால் எடுப்பீர்களா, எவ்வளவு தருவீர்கள்?" என்று நேரே கேளுங்கள். ஒரு பின்னேரம் செலவாகும், ஒன்பதாயிரம் மிஞ்சலாம்.

இன்னொன்று: பதிவுள்ள கல்லூரியுடன் செய்த ஒப்பந்தத்தை, கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்து இரண்டு நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்தால் கட்டிய காசு முழுவதும் திரும்பி வரும்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. கடிதத்தை எங்கள் மேசையிலேயே எழுதிக் கொடுத்தோம். அவர் இப்போது கிழமையில் இரண்டு இரவு மாலை வகுப்புக்குப் போகிறார், பகலில் பழைய வேலை. முதல் கிழமை பழைய லப்ரொப் ஒன்றைத் திருத்திக் கொண்டுவந்து காட்டினார். கை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கைக்குக் கடன் இல்லாமல் ஒரு சான்றிதழ் கிடைக்குமென்றால், அது நல்ல முதலீடு.