பயிருக்குக் கரியமில வாயு உணவு

பெங்களூரின் விவேக் நகர் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. தோட்டம் வைக்க அங்கே நிலம் அரிது. செடி வளர்க்கும் ஆர்வமுள்ளோர் மொட்டை மாடியையோ, சன்னல் ஓரத்தையோ, விளக்கு பொருத்திய ஓர் அறையையோதான் நாட வேண்டியுள்ளது. அத்தகையோரிடம் இக்காலத்தில் ஓர் எண்ணம் பரவி வருகிறது. மூடிய அறையில் கரியமில வாயுவைப் பெருக்கினால் செடிகள் விரைந்து வளரும் என்பதே அது. இவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாமல் செயலில் இறங்கினால் பணம் வீணாவதுடன் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

தாவரங்களின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வருவதன்று, காற்றிலிருந்து வருவது. இலைகள் சூரிய ஒளியின் உதவியால் கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகின்றன. ஆயினும் காற்றில் இவ்வாயு மிகச் சொற்பமே. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்த அளவீடு தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்காக இருந்தது. 2024-இல் அது 420 பங்கைக் கடந்துவிட்டது. நெல், கோதுமை, தக்காளி, ரோஜா முதலிய பெரும்பாலான பயிர்கள் இதனினும் மிகுதியான வாயுவை ஏற்க வல்லவை. கஞ்சாச் செடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் சாகுபடியைச் சட்டம் அனுமதிக்கும் சில வெளிநாடுகளில் அதனை அறைக்குள் வளர்ப்போர் இவ்வாயுவைப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இன்றி அதனைப் பயிரிடுவது குற்றமாகும்.

கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியவை வேறு வகையின. இலைக்குள்ளேயே கரியமில வாயுவைத் திரட்டிச் செறிவாக்கும் ஏற்பாட்டை இவை இயற்கையாகவே பெற்றுள்ளன. எனவே வெளியிலிருந்து கூடுதலாக அளிக்கும் வாயுவால் இவற்றுக்குப் பெரும் பயன் இல்லை.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே எளிதாக மெய்ப்பிக்கலாம். ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பூண்டின் தண்டு ஒன்றை நீருள்ள கண்ணாடிக் குவளையில் இட்டு, வெயிலில் வைத்து, தண்டின் வெட்டு முனையிலிருந்து நிமிடத்திற்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ண வேண்டும். பிறகு நீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைக் கரைத்தால் சிறிது நேரத்தில் குமிழிகள் பெருகும். சோடா கரியமில வாயுவை வழங்குவதே காரணம். அடுத்து, அதே குவளையை நிழலுக்கு மாற்றினால் குமிழிகள் குறைந்துவிடும். சோடா நீரில் இருந்தும் பயனில்லை. நீர்ப்பூண்டு வெளிவிடும் வாயுக் குமிழிகளைத் தானே பதிவு செய்யும் கருவியை ஜகதீச சந்திர போஸ் அமைத்து, 1924-இல் வெளியிட்ட தமது நூலில் அத்தகைய ஆராய்ச்சிகளை விவரித்துள்ளார்.

இப்பரிசோதனை உணர்த்தும் பாடம் ஒன்றே. வளர்ச்சிக்கு வேண்டியவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் வேகத்தை நிர்ணயிக்கிறது. ஆங்கிலேயத் தாவரவியலார் பிளாக்மன் 1905-இல் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். ஒளி குறைந்த இடத்தில் வாயுவைப் பெருக்குவது, பசியில்லாதவன் முன் மேலும் சோறு படைப்பதற்கு ஒப்பாகும்.

பெங்களூரிலேயே இதுபற்றி ஆராய்ச்சி நடந்துள்ளது. 1967-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ளது. அங்கே மேற்புறம் திறந்த கூடங்களில் ‘அர்க்கா ஆஷிஷ்’ என்னும் தக்காளி வகையை 550, 700 பங்கு வாயுவில் வளர்த்துப் பார்த்து, முடிவுகளை 2014-இல் வெளியிட்டனர். ஒளிச்சேர்க்கை மிகுந்து விளைச்சலும் கூடியது. எனினும் விளைச்சல் கூடுவதால் மட்டும் உணவின் தரம் கூடிவிடாது. வாயு மிகுந்த சூழலில் விளைந்த கோதுமை, அரிசி மணிகளில் துத்தநாகமும் இரும்பும் புரதமும் குறைவதைப் பிற ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

வாணிப முறையில் இதனைப் பெரிதும் கையாளும் நாடு ஹாலந்து. ராட்டர்டாம் பகுதித் தொழிற்சாலைகளில் கிடைக்கும் வாயு 2005 முதல் குழாய் வழியே கண்ணாடிக் குடில்களுக்குச் செல்கிறது. அங்கே குளிரின் பொருட்டுக் குடில்களை மூடியே வைக்கும் காலம் மிகுதி. ஆகவே விட்ட வாயு உள்ளே தங்குகிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களிலோ உஷ்ணம் தணியப் பக்கங்களைத் திறந்து வைக்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் பரப்பும் சராசரி 4 மீட்டர் உயரமும் உள்ள குடில் ஒன்றில் வாயுவை 1,000 பங்காக உயர்த்த ஏறக்குறைய 4 கிலோ போதும். ஆனால் உள்ளிருக்கும் காற்று மணிக்கு 30 முறை மாறுமாயின், அந்நிலையைக் காக்க மணிக்கு 120 கிலோ வாயு வேண்டும். எந்தக் குடியானவருக்கும் இது கட்டுப்படியாகாது.

இனி விவேக் நகர் அறையைக் காண்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் எனக் கொண்டால் அதன் கொள்ளளவு 27 கன மீட்டர். அதில் வாயுவை 1,000 பங்காக்க 30 கிராமுக்கும் குறைவாகவே வேண்டும். நன்கு மூடிய அறையில் ஒருவர் சுமார் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் அவர் விடும் மூச்சே அவ்வளவைத் தந்துவிடும்! உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டுகிறது. சாதாரணக் குழல் விளக்குள்ள அறையிலோ சில நூறு லக்ஸ்தான். ஆகவே அங்கே செடிக்குக் குறைவது வாயு அன்று, ஒளியே.

மாறாக, சிலிண்டரிலிருந்து 2 கிலோ வாயு அவ்வறையில் கசிந்துவிட்டால் காற்றில் அதன் அளவு 4 சதவீதத்தைக் கடக்கும். எட்டு மணி நேர வேலைக்கு ஏற்ற வரம்பு அரை சதவீதமே. 4 சதவீதம் உயிருக்கு உடனடி ஆபத்தான நிலை. இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றினும் ஒன்றரை மடங்கு கனமாதலால் அது தாழ்ந்த இடங்களில் தேங்கும். மூடிய அறையில் கரியை எரித்து வாயு உண்டாக்க முயல்வது இன்னும் கொடிது. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் பிறக்கும்.

எனவே யோசனை கேட்டு வருவோரிடம் களப்பணியாளர்கள் முதலில் வினவ வேண்டியவை ஒளி, நீர், உரம், காற்றோட்டம் ஆகிய நான்கையுமே. மூடிய குடிலில் காலை வெயிலின்போது செடிகள் வாயுவை உண்டு தீர்த்துவிடுவதால், அதன் அளவு வெளிக்காற்றில் உள்ளதைவிடக் குறைவதும் உண்டு. அப்போது பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டால் வெளிக்காற்றே வேண்டிய வாயுவைக் கொணரும். செலவில்லாத, ஆபத்தில்லாத கரியமில வாயு உரம் அதுவேயாகும்.