சீக்கியர் வழக்கில் மலரும் துணியும்

பூ என்றவுடன் பாலசமுத்திரத்து அங்கத்தினர்களுக்குப் பழனியாண்டவர் சந்நிதியே நினைவிற்கு வரும். சென்னைத் தியாகராயநகரில் சீக்கியரின் குருத்துவாரா ஒன்று உண்டு. அங்கே பூவின் நிலை வேறு. அதனை அறிந்து அனுப்புதலே முறை.

சீக்கியர் 1945 இல் ஏற்ற ஒழுக்கநெறி, குரு கிரந்த சாகிபிற்கு விளக்கால் ஆரத்தி எடுத்தலையும் உணவு படைத்தலையும் விலக்குகிறது. இடம் மணம் பெறப் பூ வைத்தலை விலக்கவில்லை. ஆகவே அங்குப் பூ படையலன்று. மணமே அதன் பயன். அன்றலர்ந்த மல்லிகையும் ரோஜாவும் ஏற்றவை. பிளாஸ்டிக் பூ அவ்விடத்தை நிரப்பாது.

இறந்தவரை எரியூட்டும் நாளன்றி மற்றொரு நாளும் உண்டு. அன்று தொடங்கும் கிரந்தப் பாராயணம் பத்தாம் நாளில் நிறைவுறுதல் மரபு. எனவே இருமுறையும் பூ வேண்டுமா என்று குடும்பத்தாரை முன்னரே வினவுக.

நெசவாளர்க்கும் இதில் பங்குண்டு. கிரந்தத்தைப் போர்த்தும் துணி ‘ருமாலா’ எனப்படும். அன்பர்கள் அதனைக் காணிக்கையாக அளிப்பர்.

குரு நானக் 1539 இல் கர்த்தார்பூரில் மறைந்தார். உடலை எரிப்பதா, புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வழக்கிட்டனராம். மறுநாள் போர்வையின்கீழ் உடல் இல்லை. இருதிறத்தாரும் வைத்த மலர்கள் மட்டும் வாடாதிருந்தன. போர்வையை இரண்டாக்கிப் பகிர்ந்துகொண்டனர் என்பது மரபு. வழக்கைத் தீர்த்தவை மலரும் துணியுமே. அவ்விரண்டும் நம் தொழில்கள் அல்லவா?