கடைசி முழம்வரை

தறியோசையில் கண்விழிக்கும் ஆரணி மக்களாகிய நாம் ஓர் உண்மையை நன்கறிவோம்: சேலை எவ்வளவு சீராக நெய்யப்பட்டாலும், கடைசி முழத்தில் இழை பிசகினால் மதிப்புக் குறைந்துவிடும்.

கூடைப்பந்துப் பருவமும் அத்தகையதே. இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் முதல் பருவம் 2022 அக்டோபரில் ஆறு நகர அணிகளோடு தொடங்கிற்று. 'சென்னை ஹீட்' அணியினர் மாதக்கணக்கில் ஊர்விட்டு ஊர் சென்று ஆடினர். ஆனால் சுற்று ஆட்டங்களின் வெற்றிகள் இறுதிக் கட்டத்தின் வாயிலைத் திறப்பவை மட்டுமே. அங்கே தளர்ந்தால் கோப்பை கைநழுவிவிடும். சென்னை அணி தளரவில்லை; 2023 ஜனவரியில் வாகை சூடியது.

களத்தில் நிற்போர் ஐவரே. காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரரும் வெற்றியில் பங்காளிகளே. தறியில் அமர்பவர் ஒருவராயினும், நூல் சுற்றித்தரும் இல்லத்தாரின் கைகளும் சேலையில் உண்டல்லவா? நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்போம்.