சென்சார் வாங்காமலே டேங்க் அலாரம்... கம்ப்யூட்டரில் சோதிப்பது எப்படி?

மாடி டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும், "யாராவது மோட்டாரை நிறுத்துங்களேன்" என்று குரல் எழாத வீடு உண்டா? இன்ஜினீயரிங், டிப்ளமோ மாணவர்கள் புராஜெக்ட் என்றதும் 'வாட்டர் லெவல் அலாரம்' பக்கம் போவதற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

தேவைப்படும் பொருட்கள் கொஞ்சம்தான். ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஹெச்.சி-எஸ்.ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர். ஆனால், ஒயரை ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் சென்சார் காலி. மறுபடியும் அப்பாவிடம் பணம் கேட்க வேண்டும். அதனால்தான் கடைக்குப் போவதற்கு முன் சிமுலேஷன். அதாவது, சர்க்யூட்டைத் திரையில் வரைந்து, கோடையும் அதிலேயே ஓட்டிப் பார்ப்பது.

கல்லூரிகளில் இதற்கு அதிகம் அடிபடும் பெயர் புரோட்டியஸ். இங்கிலாந்தின் லேப்சென்டர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சாஃப்ட்வேர். இதில் ரெசிஸ்டர், எல்.இ.டி எல்லாம் தயாராக இருக்கும். நாம் தேடுகிற சென்சார் இல்லாவிட்டால், வேறு யாராவது உருவாக்கிய லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். எல்.ஐ.பி, ஐ.டி.எக்ஸ் என முடியும் ஃபைல்களை புரோட்டியஸின் 'லைப்ரரி' ஃபோல்டரில் போட்டு, சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் வேலை முடிந்தது. அந்த ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில், மறைந்திருக்கும் 'புரோகிராம் டேட்டா'வுக்குள் இருக்கும். பலரும் முட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொன்று, லைப்ரரிக்கு இன்ஸ்டால் செய்யும் இ.எக்ஸ்.இ ஃபைல் தேவையே இல்லை. ஜிப்பைத் திறந்ததும் அப்படி ஒன்று இருந்தால் தொடாதீர்கள்.

ஆர்டுயினோ சாஃப்ட்வேரில் எழுதிய கோடை ஹெக்ஸ் ஃபைலாக மாற்றி போர்டில் ஏற்ற வேண்டும். பல லைப்ரரிகளில் சென்சாருக்கும் தனியாக ஒரு ஹெக்ஸ் ஃபைல் வரும். அதையும் ஏற்றாவிட்டால் சென்சார் அசையாது.

அந்த சென்சாரில் 'டெஸ்ட் பின்' என்று ஒரு கால் கூடுதலாக இருக்கும். நிஜ சென்சாரில் அது கிடையாது. திரைக்குள் தண்ணீர் ஏது? அதற்குப் பதிலாக டெஸ்ட் பின்னில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை இணைத்துத் திருகினால், தண்ணீர் ஏறி இறங்குவதாக சென்சார் நம்பிக்கொள்ளும்!

நிஜத்தில் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் கணக்கு. 58 மைக்ரோ செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். எக்கோ 1,160 மைக்ரோ செகண்ட் என்றால் தண்ணீர் 20 செ.மீ. கீழே இருக்கிறது. உங்கள் கோட் இதைச் சரியாகப் போடுகிறதா என்பதைத் திரை சொல்லிவிடும். ஆனால், டேங்க் சுவரில் பட்டுத் திரும்பும் எக்கோவையும், சென்சாரில் படியும் நீர்த்துளியையும் பற்றி அந்தத் திருகுக்கு எதுவும் தெரியாது.

இதைவிடப் பெரிய பொறி வேறு. புரோட்டியஸில் மைக்ரோகன்ட்ரோலரின் பவர் கால்கள் மறைந்திருக்கும். 5 வோல்ட்டும் கிரவுண்டும் தானாகவே இணைந்துவிடும். திரையைப் பார்த்து அப்படியே பிரெட்போர்டில் ஒயர் போட்டால், ரிவ்யூ அன்று காலையில் சர்க்யூட் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி போட்டாலும் அங்கே ஜம்மென்று எரியும்.

புரோட்டியஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. 'க்ராக்' தேடிப்போய் வைரஸை வீட்டுக்கு அழைத்து வருவதற்குப் பதில், பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் டிங்கர்கேட், வோக்வி பக்கம் போகலாம். இரண்டிலும் இதே சென்சார் உண்டு. தூரத்தை நாமே மாற்றிப் பார்க்கலாம். டிங்கர்கேடில் ரெசிஸ்டரை மறந்தால் எல்.இ.டி மேல் வெடிப்பு மாதிரி ஒரு குறி வரும். முதல்முறை செய்பவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அலாரம் ஒலித்ததும், 'மோட்டாரையும் தானாக நிறுத்தினால் என்ன?' என்று ஆசை வரும். ரிலே வரைக்கும் திரையில் தாராளமாகப் பழகுங்கள். 230 வோல்ட் ஒயரில் கை வைக்கிற வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.