ராஜாவின் தலையில் சிலுவை இல்லை!

பழைய நகையைக் கையில் எடுத்ததும் "இது அந்தக் காலத்து வேலை" என்று சொல்லிவிடும் கண் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உண்டு. பழைய ஸோவியத் சதுரங்கக் காய்களை இனம் கண்டுகொள்ளவும் அந்தக் கண்ணே போதும்!

இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு ருஷ்யாவில் சதுரங்கம் அரசாங்க காரியமாகவே ஆகிவிட்டது. 1924-ல் நிக்கோலாய் கிரிலென்கோ அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆலை, பள்ளிக்கூடம், ராணுவ முகாம், எங்கும் சதுரங்கம்! அத்தனை பேருக்கும் காய்கள் வேண்டாமா? 'ஆர்டெல்' என்ற கூட்டுறவுப் பட்டறைகள் மரத்தைக் கடைந்து குவித்தன. இவ்வளவுக்கும் வித்திட்ட கிரிலென்கோவை, 1938-ல் ஸ்டாலின் அரசாங்கமே சுட்டுக் கொன்றது.

சரி, அடையாளம் என்ன?

முதலில் ராஜாவின் தலையைப் பாருங்கள். இங்கிலீஷ்காரர்களின் 'ஸ்டான்டன்' காய்களில் ராஜாவின் கிரீடத்தின் மேல் சிலுவை இருக்கும். ஸோவியத் ராஜாக்களில் மிகப் பலருக்கு அது கிடையாது. மொக்குப் போன்ற குமிழ்தான். பல செட்டுகளில் வெள்ளை ராஜாவுக்குக் கறுப்புக் குமிழ், கறுப்பு ராஜாவுக்கு வெள்ளைக் குமிழ். திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும்!

அடுத்தது குதிரை. மற்றக் காய்கள் கடைசலிலேயே உருவாகிவிடும். குதிரை முகத்துக்கு மட்டும் உளி வேண்டும். ஆகவே பட்டறையின் கைவாகு அங்கேதான் தெரியும். மூன்று குதிரைகள் சாதுவாக நிற்க, நான்காவது மட்டும் சீறுகிறதா? அது வேற்று வீட்டுக் குதிரை. தொலைந்ததற்குப் பதிலாக வந்து சேர்ந்தது!

மூன்றாவது பெட்டி. பலகையை மடித்தால் அதுவே பெட்டி. உள்ளே முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம். ஆர்டெல் பட்டறைகள் 1960-ல் கலைக்கப்பட்டன. ஆகையால் ஆர்டெல் பெயர் இருந்தால் காய்கள் அதற்கு முந்தியவை. 1961-ல் பத்துப் பழைய ரூபிள் ஒரு புது ரூபிளாயிற்று. அச்சிட்ட விலையும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். ஐங்கோணத் தர முத்திரை 1967-ல் வந்தது.

வியாபாரி "இது தால் செட்" என்றால் மயங்கிவிடாதீர்கள். உலக சாம்பியன் மிகயீல் தாலின் பெயர் நமக்கும் பழக்கந்தான். சென்னை ஸோவியத் கலாசார மையத்தில் நடந்த சதுரங்கக் கழகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. சிறுவன் விசுவநாதன் ஆனந்த் பழகியதும் அங்கேதான். ஆனால் காய்களுக்கு இப்பெயர்களை வைத்தவர்கள் பின்னால் வந்த சேகரிப்பாளர்கள். தால் அவற்றைத் தொட்டார் என்று அர்த்தமல்ல.

வாங்கிய பிறகு சோப்புப் போட்டு ஊற வைப்பது, புது வார்னிஷ் அடிப்பது இரண்டும் கூடவே கூடாது. மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய பூச்சு போனால், வயதைச் சொல்லும் சாட்சியும் போயிற்று.

'மோர்டோவியா' என்று ஒரு வகை உண்டு. மோர்டோவியா, கைதி முகாம்களுக்குப் பெயர் போன பிரதேசம். அங்குள்ள சிறைப் பட்டறைகளில் கைதிகள் செய்தவை இவை என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. அழகான, நெடிய காய்கள். பெட்டியில் விலை இருக்கலாம், முத்திரை இருக்கலாம். கடைந்தவனின் பெயர் மட்டும் எந்தக் காயின் அடியிலும் இராது.