யுனிவர்சல் ரிமோட் எல்லாக் கருவிகளையும் இயக்காதது ஏன்? ரேடியோ ரிசீவர்கள் கேட்கும் நான்கு பொருத்தங்கள்

புது தில்லி: தொலைக்காட்சி, செட்-டாப் பாக்ஸ், ஏசி ஆகிய மூன்றையும் இயக்கும் 'யுனிவர்சல் ரிமோட்' சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால், அதே ரிமோட்டால் ரேடியோ அலையில் இயங்கும் மின்விசிறியையோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் தானியங்கி நுழைவாயிலையோ இயக்க முடிவதில்லை. ரிமோட்டில் பழுது இருப்பதாகக் கருதி அதைக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. உண்மையில் பழுது எதுவும் இல்லை. அந்த ரிமோட் ஒளியில் பேசுகிறது. மறுமுனையில் இருக்கும் ரிசீவரோ ரேடியோ அலைக்காகக் காத்திருக்கிறது.

இந்த வேறுபாடு இப்போது பல வீடுகளைத் தொடும் விஷயமாகிவிட்டது. நாட்டில் 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு மின்சிக்கன நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பிஎல்டிசி வகை மின்விசிறிகள் பலவும் ரிமோட்டுடனேயே விற்கப்படுகின்றன. இவற்றின் வேகத்தைப் பழைய சுவர் ரெகுலேட்டரால் கட்டுப்படுத்த முடியாது. எனவே, கோடைக் காலத்தில் ரிமோட் தொலைந்துவிட்டால், மாற்று ரிமோட் பொருந்துமா என்பது உடனடியாக விடை தேட வேண்டிய கேள்வியாகிறது.

ஒளிக்கு ரகசியம் தேவையில்லை

சந்தையில் உள்ள யுனிவர்சல் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியை வெளியிடுபவை. ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெயிலிலும் விளக்கொளியிலும் இருந்து அதைப் பிரித்தறிவதற்காக, நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை ஒளி துடிக்குமாறு வடிவமைக்கப்படுகிறது. ஒலியைக் கூட்டு, சேனலை மாற்று என்பன போன்ற ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் குறியீடு உண்டு.

தொலைக்காட்சியில் உள்ள அகச்சிவப்பு ரிசீவர், அந்தக் குறியீட்டை அனுப்பியது யார் என்று பார்ப்பதில்லை. குறியீடு சரியாக இருந்தால் கட்டளையை நிறைவேற்றிவிடும். அகச்சிவப்பு ஒளி சுவரைக் கடக்காது என்பதால், அடுத்த வீட்டு ரிமோட் நம் வீட்டுத் தொலைக்காட்சியை இயக்கிவிடும் என்ற கவலையும் இல்லை. எனவே, நிறுவனவாரியாகக் குறியீடுகளைத் தொகுத்து ஒரே ரிமோட்டில் அடைப்பது எளிதாயிற்று. 'யுனிவர்சல்' என்ற பெயர் பிறந்தது இந்த அடிப்படையில்தான்.

ரேடியோ அலையின் இயல்பு வேறு. அது சுவரைக் கடக்கும். கதவு மூடியிருந்தாலும் மாடிக்கும் தெருவுக்கும் செல்லும். ஒரே வகை மின்விசிறியை வாங்கிய இரு அண்டை வீட்டாரில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் மற்றவர் வீட்டு மின்விசிறி நின்றுவிடக் கூடாது. ஆகவே ரேடியோ ரிசீவர், கட்டளை என்ன என்பதோடு அதை அனுப்பியது யார் என்பதையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பொருந்தாமைச் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

நான்கு பொருத்தங்கள்

ஒரு ரேடியோ ரிமோட்டும் ரிசீவரும் இணைந்து இயங்க நான்கு அம்சங்கள் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, அதிர்வெண். நுழைவாயில், மின்விசிறி, கார் சாவி போன்றவற்றில் 433.92 மெகாஹெர்ட்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கான கருவிகளில் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கத்தில் உள்ளது. குரல்வழிக் கட்டளை ஏற்கும் தொலைக்காட்சி ரிமோட்டுகள் பெரும்பாலும் புளூடூத் முறையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. தோற்றத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் அழைப்பு 433.92 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குக் கேட்காது.

இரண்டாவது, பண்பேற்றம். அதாவது, தகவலை அலையில் ஏற்றும் முறை. மலிவான ரிமோட்டுகள் அலையை விட்டுவிட்டு அனுப்பி, அந்த இடைவெளிகளின் மூலம் தகவலைத் தெரிவிக்கின்றன. வேறு சில ரிமோட்டுகள் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றி மாற்றி அனுப்புகின்றன. ஒரு முறைக்கென அமைந்த ரிசீவரால் மற்றதைப் புரிந்துகொள்ள இயலாது.

மூன்றாவது, குறியீட்டின் வடிவம். பழைய 'பிடி2262' வகைச் சிப்பில் 8 முகவரி முனைகளை மூன்று நிலைகளில் அமைத்தால் 6,561 வேறுபட்ட முகவரிகள் மட்டுமே கிடைக்கும். 'இவி1527' வகைச் சிப்பில் 20 பிட் அடையாள எண் இருப்பதால், அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு வகையிலும் துடிப்புகளின் நீளமும் வரிசையும் மாறுபடும்.

நான்காவது, பதிவு. மற்ற மூன்றும் பொருந்தினாலும், அந்த ரிமோட்டின் அடையாளம் ரிசீவரின் நினைவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இதனால்தான், அதே நிறுவனத்தின் அதே மாடல் ரிமோட்டை வாங்கி வந்தாலும், இணைப்பு நடைமுறையை முடிக்கும் வரை அது இயங்காமல் போகலாம்.

நகல் எடுக்க முடிவதும் முடியாததும்

கடைகளில் விற்கப்படும் 'காப்பி ரிமோட்' என்பது, அசல் ரிமோட் அனுப்பும் குறியீட்டைக் கேட்டு அப்படியே திருப்பி அனுப்பும் கருவியாகும். எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும் நிலைக் குறியீட்டு ரிமோட்டுகளுக்கு இது போதும்.

'ரோலிங் கோட்' எனப்படும் சுழல் குறியீட்டு முறையில் இது பலிக்காது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ரிமோட்டில் உள்ள எண்ணி ஒன்று கூடும். அந்த எண், ரகசியத் திறவுகோலின் உதவியுடன் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படும். ரிசீவரும் தன் பங்குக்கு அதே கணக்கை வைத்திருக்கும். ஏற்கெனவே வந்த குறியீடு மீண்டும் வந்தால் அதை ஏற்காது. நகல் ரிமோட்டிடம் இருப்பது ஏற்கெனவே அனுப்பப்பட்ட ஒரு குறியீடு மட்டுமே என்பதால், கதவு திறப்பதில்லை.

ரிசீவருக்கு எட்டாத தொலைவில் பொத்தானைச் சில முறை அழுத்தினால் கணக்கு தவறிவிடாதா என்ற ஐயம் எழலாம். அதற்கும் வழி செய்யப்பட்டுள்ளது. தென்னாப்பிரிக்காவில் உருவாகி, பின்னர் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த 'கீலாக்' முறையின் வழக்கமான அமைப்பில், எண்ணி 16 படிகள் வரை முன்னே சென்றிருந்தாலும் ரிசீவர் ஏற்றுக்கொள்ளும். அதைவிட அதிகமாக விலகியிருந்தால், பொத்தானை அடுத்தடுத்து இரு முறை அழுத்தும்போது கணக்கு மீண்டும் ஒத்துப்போகும்.

பொருந்தாமையே பாதுகாப்பு

நகல் எடுக்க முடியவில்லை என்பது பயனாளருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், சில நிமிடங்களில் நகல் எடுக்கக்கூடிய ரிமோட்டை, அது சிறிது நேரம் கையில் கிடைக்கும் எவரும் நகல் எடுத்துவிடலாம். மின்விசிறிக்கு இது பெரிய விஷயமல்ல. வீட்டின் நுழைவாயிலுக்கு அப்படியல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே நிலைக் குறியீட்டு ரிமோட்டிலிருந்து 40 வீடுகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருந்தால், ரிசீவரின் பார்வையில் அவை அனைத்தும் ஒரே ரிமோட்தான். ஒரு குடித்தனக்காரர் ரிமோட்டைத் தொலைத்துவிட்டாலோ, திருப்பித் தராமல் காலி செய்துவிட்டாலோ, அந்த ஒன்றை மட்டும் நீக்க இயலாது. அதை நீக்கினால் 40 ரிமோட்டுகளும் செயலிழக்கும். ஒவ்வொன்றும் தனி அடையாளத்துடன் பதிவு செய்யப்பட்டிருந்து, தனித்தனியே நீக்கும் வசதியும் ரிசீவரில் இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

சுழல் குறியீடும் முற்றிலும் அசைக்க முடியாதது அல்ல. கீலாக் முறையின் திறவுகோலைக் கண்டறியும் வழியை 2008-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ரிசீவரை அடையவிடாமல் குறியீட்டைத் தடுத்து, பதிவு செய்து, பின்னர் பயன்படுத்தும் உத்தியைப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கர் 2015-இல் விளக்கிக் காட்டினார். இந்த உத்திக்கு அலையை முடக்கும் ஜாமர் தேவை. இந்தியாவில் அரசின் அனுமதியின்றி ஜாமரைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பது குறிப்பிடத்தக்கது.

'ஆர்எஃப்' என்ற சொல் தரும் குழப்பம்

சில யுனிவர்சல் ரிமோட்டுகளின் பெட்டியில் 'ஆர்எஃப்' என்று அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டு ரேடியோ மின்விசிறியும் இயங்கும் என எண்ணிவிடக் கூடாது. இவற்றில் பல, தம்முடன் வரும் மையக் கருவியுடன் மட்டுமே ரேடியோ அலையில் பேசும். அந்த மையக் கருவி, கட்டளையை மீண்டும் அகச்சிவப்பு ஒளியாக மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்பும்.

புளூடூத் ரிமோட்டுகளிலும் இத்தகைய கலப்பு உண்டு. தொலைக்காட்சியுடன் இணைத்துப் பயன்படுத்தும் ஸ்ட்ரீமிங் கருவிகள் பலவற்றில் பட்டியலை நகர்த்துவது புளூடூத் மூலமும், தொலைக்காட்சியை அணைப்பது அகச்சிவப்பு மூலமும் நடைபெறுகின்றன. மாற்று ரிமோட்டில் சில பொத்தான்கள் மட்டும் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அகச்சிவப்பு வசதி கொண்ட செல்போன்கள் தொலைக்காட்சியையும் ஏசியையும் இயக்கும். ஆனால் 433 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் பகுதி வழக்கமான செல்போன்களில் இல்லாததால், எந்தச் செயலியை நிறுவினாலும் அவற்றால் நுழைவாயிலைத் திறக்க முடியாது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* ரிமோட் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். ஊதா அல்லது வெண்மை நிற ஒளி துடித்தால் அது அகச்சிவப்பு ரிமோட். சில செல்போன்களின் பின்புறக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும் என்பதால், முன்புறக் கேமராவிலும் சோதிப்பது நல்லது.

* மூடிய கதவுக்கு அப்பால் இருந்தும் கருவி இயங்கினால் அது ரேடியோ ரிமோட்.

* ரேடியோ ரிமோட் எனில், அதன் பின்புறத்திலோ பேட்டரி மூடியின் உள்ளேயோ அதிர்வெண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். உள்ளே சிறு சுவிட்ச் வரிசை இருந்தால் அது பெரும்பாலும் நிலைக் குறியீட்டு வகை. அதே வகைப் புதிய ரிமோட்டில் சுவிட்சுகளை அதே வரிசையில் அமைக்க வேண்டும்.

* சுழல் குறியீட்டு வகை எனில், தயாரிப்பு நிறுவனத்தின் ரிமோட்டை வாங்கி ரிசீவரில் பதிவு செய்வதே சரியான வழி.

* ரிமோட் கிடைக்காத பழைய நுழைவாயில் மோட்டாராக இருந்தால் ரிசீவரையே மாற்றலாம். பல மோட்டார்களில் வெளிப் பொத்தானை இணைப்பதற்கான முனைகள் இருக்கும். ரிமோட்டுடன் சேர்த்து விற்கப்படும் புதிய ரிசீவரை அந்த முனைகளில் எலக்ட்ரீஷியன் மூலம் இணைத்துக்கொள்ளலாம்.

* ரிசீவரிலிருந்து நீண்டிருக்கும் சிறு கம்பியைத் தேவையற்றதெனக் கருதி வெட்டிவிடக் கூடாது. அதுவே ஆன்டெனா. 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்கான ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் என்பது அதன் வழக்கமான நீளம். அது குறைந்தால் ரிமோட் எட்டும் தொலைவும் குறையும்.

இணையத்தில் வெளிநாட்டு ரிமோட்டுகளை வாங்குவோர் இந்திய விதிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். 433-434 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில பட்டைகளில், வரையறுக்கப்பட்ட குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்குப் பயனாளர் உரிமம் பெறத் தேவையில்லை. எனினும், கருவிகளுக்கான வகை ஒப்புதலைத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்பு திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்குகிறது.

மின்விசிறியோ நுழைவாயில் மோட்டாரோ புதிதாகப் பொருத்தப்படும் நாளிலேயே கூடுதலாக ஒரு ரிமோட்டை வாங்கிப் பதிவு செய்துகொண்டு, பதிவு நடைமுறை அடங்கிய கையேட்டையும் பத்திரப்படுத்திவிட்டால், பின்னாளில் கடை கடையாக அலையும் தேவை பெரும்பாலும் ஏற்படாது.